டொறத்தியின் சுகத்துக்காக

என் மகனுக்கு,

நம் சபைக்கும் இங்கிலாந்தில் நீ இருக்கிற ஊர்ச் சபைக்கும் இடையிலான இணைப்பைப் பற்றி இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறார்கள். அதில் எனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். தலைப்பைத் தேடும் சிரமமும் எனக்கு வேண்டாமென்று அவர்களே எழுதித் தந்துவிட்டார்கள்: ‘கடல் கடந்த உறவால் நாம் பெற்ற ஆசீர்வாதங்கள்’. எத்தனையோ தரம் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஆசீர்வாதம் என்று தொடங்கினால் அடுத்த வரியில் உன் மீதுள்ள கோபம் வந்து நிற்கிறது. அதனால் தலைப்பை விட்டுவிட்டு உனக்கே எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. அவர்கள் போட்டால் போடட்டும், விட்டால் விடட்டும். எல்லாரும் வாசித்துவிடுவார்களே என்று நீ வெட்கப்படலாம். ஆனால் இதில் எழுதப்போவது அன்று தேநீர் மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம்தான்.

வேறு வழியும் நீ வைக்கவில்லை. அந்த ஞாயிறு பின்னேரம் உனக்குப் போன் எடுத்தேன். “பிறகு எடுக்கிறன் அம்மா” என்றாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. நான் வட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. கேள்வி கேட்டாலும் கட்டைவிரல், ஏசினாலும் கட்டைவிரல். உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, “உயிரோட இருக்கிறான் எண்டு காட்டுறான், விடு” என்றார். துறைமுகத்தில் இத்தனை காலம் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு வெளிச்சம் தெரிந்தால் போதும் போலிருக்கிறது. எனக்குப் போதாது.

நீ போன பிறகும் இந்த இணைப்பு நீ அறிந்த மாதிரியேதான் நடந்தது. அவர்களுக்கு விடுமுறை ஆவணியில். நம் பக்கத்துக் கடலும் அப்போதுதான் அடங்கிக் கிடக்கும். ஆகவே கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கிற அந்த நாட்களில் ஒரு குழு வந்து இறங்கும். அதற்கு முன் கோயில் மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்க வேண்டும், மலசலகூடக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட வேண்டும். வருகிறவர்கள் ஊர்த் தெருக்களில் திரிந்து படலையடியில் வந்து நிற்கிற மான்களைப் படம் எடுப்பார்கள். பெட்டியைத் திறந்து கம்பளித் தொப்பி தருவார்கள். திருகோணமலை வெயிலில், கைக்குழந்தைகளுக்கு, கம்பளித் தொப்பி. நாங்களும் பிள்ளைகளின் தலையில் அதை மாட்டி வரிசையில் நிறுத்தி, நன்றி சொல்லிப் படம் அனுப்புவோம். பிறகு கூட்டம் வைத்து, “உங்களுக்கு என்ன தேவை?” என்று கேட்பார்கள். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பிச் சொல்லுவார்கள். ஒருநாளாவது எங்களில் ஒருவர் எழும்பி, “உங்களுக்கு என்ன குறை?” என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவர்களுக்குக் குறை இருக்குமென்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

டொறத்தி வந்த வருஷம் மட்டும் வேறு மாதிரி. அவர் நம் லிங்கநகர் வீட்டில்தான் தங்கினார். வந்த அன்றைக்கே முன்னறையில் விரித்த மேசைச்சீலையையும் போட்ட நல்ல கதிரையையும் விட்டுவிட்டுக் குசினிக்குள் வந்து நின்றுகொண்டார். வெளியே போய் இருங்கள் என்று நான் சைகை காட்டினேன். போகவில்லை. திருவலையில் ஏறி உட்கார்ந்து தேங்காய் திருவி, விரலை வெட்டிக்கொண்டு, இரத்தம் விழுந்த தேங்காய்ப்பூவை எறியவா வேண்டாமா என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நீ ஓடிப்போய் மருந்து கட்டினாய். அவருடைய புருஷன் ஆதர் வாசலில் நின்று உன் அப்பாவோடு கப்பல்களைப் பற்றிக் கதைத்தார். இவருக்கு அந்த இங்கிலீஷ் பாதி விளங்கவில்லை, அவருக்கு இவருடையது முழுக்க விளங்கவில்லை, ஆனாலும் பொழுதுபடும்வரை கதை ஓடியது. நீ மேலே படிக்க அங்கே போனபோது விமான நிலையத்தில் உன்னை ஏற்றிப் போனதும் அவர்கள்தான். வீடு எடுக்கும்வரை அவர்களோடுதான் இருந்தாய். இதெல்லாம் உனக்குத் தெரியாததா என்று நீ கேட்கலாம். மலரை வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது, அதற்காகச் சொல்கிறேன்.

பிறகு டொறத்திக்கு வருத்தம், படுக்கையில் விழுந்துவிட்டார் என்று அங்கிருந்து செய்தி வந்தது. அடுத்த ஞாயிறே மன்றாட்டில் அவர் பெயரைச் சேர்த்தேன். மன்றாட்டு நடத்துவது என் பொறுப்பு, உனக்குத் தெரியும். முதலில் நாட்டுக்கு, பிறகு இணைச்சபைக்கு, பிறகு சுகவீனர்களுக்கு. சுகவீனர்களில் முதல் பெயர் டொறத்தி. “டொறத்தி அம்மாவின் சுகத்துக்காக மன்றாடுவோம்” என்று நான் சொல்லுவேன், சபை முழுவதும் “கர்த்தாவே, கேட்டருளும்” என்று சொல்லும். அவரை ஒருநாளும் காணாத சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அந்தப் பெயர் மனப்பாடம். கிளிவெட்டியிலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு கிழவர் இருக்கிறார், அவர் எனக்கு முந்தியே “டொறத்தி” என்று முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார். கோயில் முடிந்ததும் படியடியில் என்னை மறித்து, “எப்படியாம் அந்த அம்மா?” என்று கேட்பார்கள். நான் உன்னைக் கேட்டுச் சொல்லுவேன். ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் நமக்குள் நடந்த கதை இதுதானே.

“சேர்ச்சுக்குப் போனனீயோ?”

“ஓம் அம்மா, போனனான்.”

“டொறத்தி அம்மா எப்பிடி?”

“அப்பிடியே இருக்கிறா அம்மா.”

அப்படியே இருக்கிறாவாம் என்று நான் போய்ச் சொல்லுவேன். மகன் நேரில் கண்டுவிட்டுச் சொல்கிறான் என்று கொஞ்சம் தலை நிமிர்த்தியே சொல்லுவேன். இங்கே மற்றவர்கள் அங்கிருந்து வருகிற மின்னஞ்சலைக் காத்திருந்து வாசிக்க, எனக்கு மட்டும் என் பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்ற பெருமை.

போன வருஷம் குழு வரவில்லை. இந்த ஆவணியில் வந்த குழுவுக்குத் தலைவராக வந்தவர் பீற்றர் என்ற மனிதர். நெட்டை, வெயிலில் மூக்கெல்லாம் சிவந்து போயிருந்தது. நல்ல மனிதர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் எழுதுவதைப் பார்த்து நீ வேறு விதமாக நினைக்கக்கூடாது. முன் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் ஜெயம் ரீச்சர் இருந்து காதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். நான் மன்றாட்டில் வழக்கம்போல் டொறத்தியின் பெயரைச் சொன்னேன். சபை பதில் சொன்னது. நான் கண்ணைத் திறந்தபோது பீற்றர் ஜெயம் ரீச்சரிடம் ஏதோ திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். ரீச்சர் தலையை ஆட்டினார். அந்த மனிதர் குனிந்தவர் பிறகு நிமிரவே இல்லை. உருக்கமாக ஜெபிக்கிறார் என்று நினைத்து நான் அடுத்த பெயருக்குப் போனேன்.

கோயில் முடிந்து பின்பக்கம் வேம்படியில் தேநீர். பனம்பழக் காலம் என்பதால் மாதர் சங்கம் பனங்காய்ப் பணியாரம் சுட்டிருந்தது. நான் தட்டோடு பீற்றரிடம் போனேன். அவர் எடுக்கவில்லை. மெல்ல ஏதோ சொன்னார். ஜெயம் ரீச்சர் உடனே மொழிபெயர்க்காமல் என்னைப் பார்த்தார்.

“என்னவாம்?” என்றேன்.

“டொறத்தி அம்மா இல்லையாம்.”

“இல்லையெண்டா? இந்தமுறை வரேல்லையாமோ?”

“மோசம் போயிட்டாவாம், அக்கா. போன பனிக்காலத்துக்கும் முந்தின பனிக்காலமாம். எப்பிடியும் உங்கட காதில விழுந்திருக்கும் எண்டு நினைச்சவையாம்.”

சுற்றி நின்றவர்களின் கோப்பைகள் அப்படியே நின்றன. இறந்துபோன ஒரு மனுஷியின் சுகத்துக்காக இவ்வளவு காலம் சபை முழுவதும் ஒரே குரலில் மன்றாடியிருக்கிறது. அதை நடத்தியவள் நான். சிரிக்கத்தக்க விஷயம்தான், தூரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு. யாரும் சிரிக்கவில்லை. நான் ரீச்சரிடம், “ஏன் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை எண்டு கேளும்” என்றேன். அவர் கேட்டார். பீற்றர் நல்ல மனதோடுதான் பதில் சொன்னார்: நீங்கள் யுத்தத்திலும் கடற்கோளிலும் எவ்வளவோ பட்டவர்கள், எங்கள் துக்கத்தையும் கொண்டுவந்து உங்கள் தலையில் ஏற்ற எங்களுக்கு மனம் வரவில்லை.

மகனே, எனக்கு அந்த இடத்தில் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. எங்கள் தலையில் ஏற்றக் கூடாதாம். செத்தவீட்டுக்குப் போகத் தெரியாதவர்களா நாங்கள்? இந்த ஊரில் கலியாணத்துக்கென்றால் அழைப்பு வரவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்போம். செத்தவீட்டுக்கு யார் அழைத்துப் போனோம்? காதில் விழுந்தால் போதும், உடுத்த சீலையோடு போய் நிற்போம். எங்களுக்குக் கைவந்த வேலை என்று ஒன்று உண்டென்றால் அது துக்கம் கேட்பதுதான். தொப்பியும் கலர்ப் பென்சிலும் தந்தவர்கள் அந்த ஒன்றை மட்டும் எங்களிடம் கேட்காமல் விட்டுவிட்டார்கள். கொடுக்கிறவர்கள் என்று ஒரு பக்கம், வாங்குகிறவர்கள் என்று ஒரு பக்கம் பிரித்து வைத்துவிட்டு அதற்கு இணைப்பு என்று பெயர். வீட்டுக்கு வந்து நான் இதைச் சொல்லிப் பொரிந்தபோது உன் அப்பா, “அவை எங்களைச் சொந்தம் எண்டு நினைக்கேல்லை, வருத்தக்காரர் எண்டு நினைச்சிருக்கினம்” என்றார். எப்போதாவது வாய் திறந்தாலும் சரியாகத்தான் சொல்கிறார்.

ஆனால் அவர்களை மட்டும் ஏசிவிட்டுப் போக நீ என்னை விடவில்லையே. வேம்படியில் பீற்றர் அடுத்ததாகக் கேட்டது உன்னைப் பற்றி. உங்கள் மகன் எங்கே இப்போது, வேறு நகரத்துக்குப் போய்விட்டாரா, நாங்கள் கண்டு நெடுநாள் என்றார். இதை ரீச்சர் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. எனக்கு விளங்கியது. பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் விளங்கியது. நான் பணியாரத் தட்டைப் பிடித்துக்கொண்டு, “அவருக்கு வேலை அதிகம்” என்று இங்கிலீஷில் சொன்னேன். அந்த வசனம் மட்டும் தடக்காமல் வந்தது. நீ எனக்கு அதை அவ்வளவு தரம் சொல்லியிருக்கிறாய்.

நீ கோயிலுக்குப் போகாமல் விட்டதற்காக இந்தக் கோபம் என்று நினைக்காதே. அதற்கும் கோபம் உண்டு, அது வேறு கோபம், அதை நீ வரும்போது வைத்துக்கொள்வோம். ஒருமுறை நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. “ஒவ்வொரு முறையும் என்னை எழும்பி நிக்கச் சொல்லினம் அம்மா. இவர் திருகோணமலையிலயிருந்து வந்தவர் எண்டு காட்டினம். சண்டையைப் பற்றிச் சொல்லச் சொல்லினம். நான் சும்மா வாங்கில இருந்திட்டு வர ஏலாது.” அதற்கு நான், “எழும்பி நிண்டா என்ன குறைஞ்சா போயிடுவாய்?” என்றேன். அது நான் சொன்ன சரியான பதில் என்று இன்றைக்கும் பாதி மனம் சொல்கிறது. மற்றப் பாதி, அந்தக் கம்பளித் தொப்பியோடு வரிசையில் நின்ற பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறது. சரி, நின்றாய், அலுத்துப்போனாய், விட்டாய். அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். டொறத்தி அப்படியே இருக்கிறா என்று ஏன் சொன்னாய்? அவர் இறந்தது தெரிந்து மறைத்தாயா, தெரியாமலே வாயில் வந்ததைச் சொன்னாயா? இரண்டில் எது மோசம் என்று யோசித்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை. அந்த மனுஷியின் விரலுக்கு நீ உன் கையாலேயே மருந்து கட்டியிருக்கிறாய், அவர் உனக்குத் தன் வீட்டுத் திறப்பைத் தந்திருக்கிறார். அந்த வீடு நீ இருக்கிற இடத்திலிருந்து நடக்கிற தூரம் என்று நீயே சொன்னாய்.

அடுத்த ஞாயிறுக்கு என்ன செய்வது என்று போதகரிடம் கேட்டேன். இறந்தவர்களுக்காக மன்றாடுவது நம் சபை வழக்கமில்லை, அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவோம் என்றார். “சத்தமில்லாமல் விட்டுத்தானே ஐயா இந்த நிலைக்கு வந்தனாங்கள்” என்றேன். ஞாயிறு வந்தது. நான் மன்றாட்டுக்கு முன் சபையைப் பார்த்து நின்று சொன்னேன்: “டொறத்தி அம்மா மோசம் போயிட்டா. முந்தியே போயிட்டா. எங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். நான் ஒழுங்கா விசாரிக்கேல்லை.” உன் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அத்தனை பேரும் உன்னை நினைத்தார்கள் என்பது அவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் இருந்ததிலேயே தெரிந்தது. கிளிவெட்டிக் கிழவர் முதலில் எழும்பினார். பிறகு சபை முழுவதும் எழும்பி நின்றது.

அன்று பின்னேரம் நடந்ததை நீ கட்டாயம் அறிய வேண்டும். நான் கொஞ்சம் சாய்ந்திருந்தேன். படலை திறந்த சத்தம் கேட்டது. ஜெயம் ரீச்சர், கையில் சீனிப் பொட்டலம். பின்னால் இன்னும் சிலர், ஒருவர் தேயிலை, ஒருவர் பிஸ்கற். செத்தவீட்டுக்குக் கொண்டு போகிற சாமான். வந்தவர்கள் முன்னறையில் இருந்தார்கள். இடம் போதவில்லை என்று உன் அப்பா பக்கத்து வீட்டிலிருந்து கதிரை வாங்கி வந்தார். அந்த வீட்டுப் பெண் மதிலால் எட்டி, “ஆர் மோசம் போனது?” என்று பதறிக்கொண்டு கேட்டாள். “எங்கட சொந்தக்காரப் பெம்பிளை. இங்கிலாந்தில” என்றார் உன் அப்பா. அவளும் வந்தாள். ஒரு கிறிஸ்தவப் பாட்டும் தெரியாமல் மூலையில் இருந்து அழுதுவிட்டுப் போனாள். இப்படியாக லிங்கநகரில் டொறத்திக்குச் செத்தவீடு நடந்தது. பிந்தி நடந்தது, ஆனால் ஒழுங்காக நடந்தது.

அந்த ஆட்களை வைத்துக்கொண்டே ஆதருக்கு எடுத்தேன். இலக்கம் பீற்றர் தந்தது. அவர் இப்போது கோயிலுக்கும் வருவதில்லை, யார் போய்த் தட்டினாலும் கதவைத் திறப்பது குறைவு என்றும் சொல்லியிருந்தார். வெகுநேரம் மணி அடித்துத்தான் எடுத்தார். நான் யாரென்று சொன்னேன், விளங்கவில்லை. தேங்காய், விரல் என்றேன், விளங்கிவிட்டது. மீதியை ரீச்சர் கதைத்தார். நாங்கள் இவ்வளவு காலமும் ஞாயிறுதோறும் டொறத்தியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதைக் கூசிக் கூசித்தான் சொன்னோம். “ஒவ்வொரு ஞாயிறுமா?” என்று கேட்டார் அவர். ஓம் என்றோம். “இங்கே என்னோடு யாரும் இப்போது அவள் பெயரைச் சொல்வதில்லை. நான் துக்கப்படுவேன் என்று பயப்படுகிறார்கள்” என்றார். ரீச்சர் இதை அழாமல் மொழிபெயர்த்து முடித்ததே பெரிய காரியம்.

வைக்கிறதுக்கு முன் அவர் உன்னைக் கேட்டார். டொறத்தி படுக்கையில் இருந்தபோது உங்கள் மகன் வந்து தோட்டத்துக் கதவைத் திருத்தித் தந்தார், பிறகு வரவில்லை, உங்களிடம் திரும்பி வந்துவிட்டார் என்றல்லவா நினைத்தேன், சுகமாக இருக்கிறாரா என்றார். ரீச்சர் என்னைப் பார்த்தார். வீடு நிறைய ஆட்கள். “எனக்குத் தெரியேல்லை எண்டு சொல்லும்” என்றேன். நீ இருக்கிற தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற மனிதர் உன் சுகத்தைத் திருகோணமலையிலிருக்கிற என்னிடம் விசாரிக்கிறார், எனக்கும் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அதுதான்.

அவர்கள் வருஷத்துக்கு ஒரு குழுவை அனுப்புகிறார்கள். நாங்கள் அனுப்பியது உன்னை ஒருவனைத்தான். அதை உனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. படிக்கப் போகிறான் என்றுதான் எல்லாரும் கையசைத்தோம். இப்போது சொல்கிறேன். நீ கோயிலுக்குப் போய் எழும்பி நிற்க வேண்டாம். யாருக்கும் யுத்தக் கதை சொல்ல வேண்டாம். ஆதரின் வீட்டுக்குப் போ. அவர் திறக்காவிட்டால் நின்று தட்டு. கையில் சீனியும் தேயிலையும் கொண்டு போ, ஏன் என்று கேட்டால் எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்லு. உள்ளே போய் இருந்து, டொறத்தியின் பெயரைச் சொல்லிக் கதை. பொய் சொன்னதை அவரிடம் சொல்ல வேண்டுமா என்று என்னைக் கேட்காதே, அது உன் பாடு.

நீ இதைச் செய்யும்வரை நான் ஒன்று செய்கிறேன். போதகர் என்னைக் கேட்டார், சுகவீனர்களில் முதல் பெயர் காலியாகிவிட்டதே, அடுத்தவரோடு தொடங்குவீர்களா என்று. இல்லை என்றேன். போன ஞாயிறு அந்த இடத்தில் உன் பெயரைச் சொன்னேன். மகன் என்று சொல்லவில்லை, பெயரை மட்டும் சொன்னேன். சபை ஒரு நொடி தயங்கியது. பிறகு முழுக் குரலில் பதில் சொன்னது, கிளிவெட்டிக் கிழவரின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. இந்த ஞாயிறும் சொல்லுவேன், அடுத்த ஞாயிறும் சொல்லுவேன். படியடியில் மறித்து எப்படியாம் என்று கேட்கிறார்கள். அப்படியே இருக்கிறான் என்று நான் சொல்லமாட்டேன். சுகமென்றால் சுகமென்று சொல்லு, இல்லையென்றால் இல்லையென்று சொல்லு. இன்னொரு முறை எங்களைத் தெரியாமல் மன்றாட வைக்காதே.

அம்மா